இணைப்பும் நினைவும்

விடுதலை நாள் என்று எந்த நாட்டுக்கும் ஒரு நாள்தான் உண்டு. புதுச்சேரிக்கோ மூன்று நாட்கள் உண்டு. ஆகஸ்டு 15 அன்று இந்தியா முழுவதும் ஏறும் கொடி இங்கும் ஏறுகிறது. மறுநாள், ஆகஸ்டு 16 அன்று, கீழூர்க் கிராமத்து நினைவிடத்தில் மந்திரிகள் கூடி மரியாதை செய்கின்றனர். பிறகு நவம்பர் 1 வருகிறது. 2014ஆம் ஆண்டு முதல் அந்நாளையும் விடுதலை நாளாகப் புதுச்சேரி சர்க்கார் கொண்டாடி வருகிறது. வெளியூரிலிருந்து வரும் தோழர் இதைக் கேட்டால், "ஒரு விடுதலைக்கு மூன்று விழாவா?" என்று சிரிக்கக் கூடும். சிரிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. அந்த மூன்று தேதிகளுக்குள் ஒரு பெரிய அரசியல் பாடம் அடங்கிக் கிடக்கிறது.

1947இல் டில்லியில் கொடி ஏறிய அன்று புதுச்சேரிக் கடற்கரையிலும் மூவர்ணக் கொடிதான் பறந்தது. ஆனால் அது பிரெஞ்சுக்காரனின் மூவர்ணம். 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவின் கைக்கு மாறியது. ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 மே 28 அன்று. அதைப் பிரெஞ்சுப் பார்லிமெண்டு அங்கீகரிப்பதற்கு 1962 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகஸ்டு 16 அன்றுதான் சட்டப்படியும் இது இந்திய மண் ஆயிற்று. ஏறக்குறைய எட்டு ஆண்டுக் காலம் நிலம் ஒருவனிடமும் பட்டா ஒருவனிடமுமாக இருந்த விந்தை இது!

இன்று பிராந்திய ஒன்றிணைப்பு என்ற சொல் எல்லாருடைய வாயிலும் புரளுகிறது. அண்டை நாடுகள் சந்தையை ஒன்றாக்க வேண்டும், சுங்கத்தைக் குறைக்க வேண்டும், ரயிலும் கப்பலும் விட வேண்டும் என்கின்றனர். நல்லது, நாமும் அதை வேண்டுகிறோம். ஆனால் இதைப் பேசும் பொருளாதார நிபுணர்கள் ஒரு கணக்கை விட்டுவிடுகின்றனர். மொழி ஒன்று, உணவு ஒன்று, கோயிலும் திருவிழாவும் ஒன்று என்பதால் மட்டும் மக்கள் இணைந்துவிடுவதில்லை. அவரவர் கடந்து வந்த சரித்திரத்தின் நினைவு குறுக்கே நிற்கிறது. அந்த நினைவைப் பேச விட்டு, அதற்கு உரிய இடத்தை எழுத்தில் கொடுத்த இணைப்புகள் நிலைத்தன. வாயை மூடு என்று அதற்குக் கட்டளையிட்ட இணைப்புகள் தடுமாறின. இதற்குச் சாட்சி தேடி நாம் அயல்நாடு செல்ல வேண்டியதில்லை; முத்தியால்பேட்டையிலும் முதலியார்பேட்டையிலும் வில்லியனூரிலும் சாட்சி இருக்கிறது.

புதுச்சேரி மக்களுக்கும் சுற்றியுள்ள தென்னார்க்காட்டு மக்களுக்கும் பண்பாட்டில் என்ன வேற்றுமை? பேச்சில் இல்லை, பயிரில் இல்லை, பெண் கொடுத்துப் பெண் எடுப்பதில் இல்லை. பிரெஞ்சுக் கிராமங்களும் ஆங்கிலேயக் கிராமங்களும் கந்தல் துணியில் போட்ட ஒட்டுகள் போல ஒன்றுக்குள் ஒன்று கிடந்தன. இன்றும் பாகூருக்குப் போகும் பஸ் வழியில் எத்தனை முறை எல்லை தாண்டுகிறது என்பது கண்டக்டருக்கே கணக்கிராது. காரைக்கால் தஞ்சைத் தரணியின் மடியில் கிடக்கிறது. மாஹே மலையாளக் கரையிலும், ஏனாம் கோதாவரி முகத்துவாரத்திலும் அப்படியே. அந்தந்த அண்டை மாநிலத்தோடு கரைந்து போவதற்கு இவற்றைவிட வசதியான பகுதிகள் உலகில் இருக்க முடியாது. ஆயினும் கரையவில்லை. ஏன்?

பிரெஞ்சு ஆட்சியைப் பற்றிப் புதுச்சேரி மக்களின் நெஞ்சில் இருப்பது ஒரே நினைவன்று என்பதே அதற்கு விடை. இங்கே சிலர் பிரெஞ்சுக்காரன் ஏதோ கனவான் என்றும், ஆங்கிலேயன் மட்டுமே கொள்ளைக்காரன் என்றும் கதை கட்டுகின்றனர். இதை நாம் ஏற்பதற்கில்லை. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் மீது பாய்ந்த குண்டு பிரெஞ்சு சர்க்காரின் குண்டுதான். பன்னிரண்டு தொழிலாளர் மாண்டனர். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று சர்க்கார் காகிதத்தின் தலையில் அச்சடித்துக்கொண்டே அந்தச் சுடும் உத்தரவும் போயிற்று.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. தோழர் வ. சுப்பையா பாரிசுக்குச் சென்றார். அங்கே அப்போது மக்கள் முன்னணி ஆட்சி. பிரெஞ்சுத் தொழிலாளி வர்க்கம் தன் நாட்டில் வென்றெடுத்த உரிமைகளைப் புதுச்சேரித் தொழிலாளியும் கேட்டான். 1937 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் சட்டமாயின. எல்லைக்கு அப்பால் ஆங்கிலேய இந்தியாவின் ஆலைகளில் அந்த எட்டு மணி நேரம் அன்று இல்லை. சுட்டவனும் பிரெஞ்சுக்காரன், கைகொடுத்தவனும் பிரெஞ்சுக்காரன். ஒருவன் ஆளும் வர்க்கம், மற்றவன் உழைக்கும் வர்க்கம் என்பதை நம் தோழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஆலைத் தெருவில் வாழ்ந்த குடும்பத்துக்கு இரண்டும் சேர்ந்தே நினைவில் நின்றன. குண்டடிபட்டவனின் பேரன் எட்டு மணி நேரத்தின் பயனையும் அனுபவித்தான்.

இன்னொரு நினைவும் உண்டு. அதைப் பற்றி நம்மவர்களே போதிய அளவு பேசுவதில்லை. 1881இல் ஒரு பிரெஞ்சு ஆணை வந்தது. தம் சாதி, சமய வழக்கச் சட்டத்தைத் துறக்கிறோம் என்று எழுதிக் கொடுத்தவர்கள் பிரெஞ்சு சிவில் சட்டத்தின்கீழ் வரலாம் என்றது அது. இப்படித் துறந்தவர்களில் ஒடுக்கப்பட்ட சாதியினரும் கிறிஸ்தவர்களும் ஏராளம். குடும்பப் பெயர் ஒன்றை அவர்கள் புதிதாய்ச் சூட்டிக்கொண்டனர். சட்டத்தில் கிடைத்த சமத்துவம் தெருவிலும் கிடைத்ததா என்பது வேறு கேள்வி, பெரும்பாலும் கிடைக்கவில்லை. என்றாலும் மனுவின் சட்டத்தை ஒரு காகிதத்தில் கையெழுத்திட்டு உதறிவிட ஒரு வழி இருந்தது என்ற நினைவு அந்தக் குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வந்தது. அவர்களைப் பார்த்து "அந்நிய மோகம்" என்று ஏசுவது எளிது. எந்தச் சுதேசிக் கொடுமையிலிருந்து தப்ப அந்த அந்நியச் சட்டத்தைப் பற்றிக்கொண்டார்கள் என்று கேட்பதுதான் நியாயம்.

சைகோனில் உத்தியோகம் பார்த்தவர்கள், பிரெஞ்சுப் படையில் சேர்ந்து ஆப்பிரிக்காவிலும் இந்தோசீனத்திலும் போரிட்டு ஓய்வூதியத்துடன் திரும்பியவர்கள், ரெயூனியன் தீவில் உறவினரை உடையவர்கள் என்று புதுச்சேரியின் குடும்ப மரங்களின் கிளைகள் கடல் தாண்டிக் கிடந்தன. இத்தனை நினைவுகளையும் மடியில் கட்டிக்கொண்டுதான் இந்த ஊர் 1947ஐச் சந்தித்தது.

சந்திரநாகூரை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதுவும் பிரெஞ்சுப் பட்டினந்தான். 1949 ஜூன் 19 அன்று அங்கே மக்களே வாக்களித்தனர். இணைப்புக்கு 7,473 வாக்குகள், எதிராக 114. 1950 மே மாதம் நிர்வாகம் மாறியது. 1954 அக்டோபரில் மேற்கு வங்கத்தோடு ஒன்றாய்க் கரைந்தது. கல்கத்தாவின் வாசற்படியில் இருக்கும் ஊர் அது. வங்கப் புரட்சியாளர் ஆங்கிலேயப் போலீசிடமிருந்து தப்பிப் பதுங்கிய இடமும் அது. தூக்குமேடை ஏறிய கன்னையாலால் தத்தர் பிறந்த மண். ஆகவே சந்திரநாகூரின் தனிச் சரித்திரம் வங்கத்தின் பொதுச் சரித்திரத்தில் ஓர் அத்தியாயமாகவே ஆகிவிட்டது. புதுச்சேரியும் புகலிடம் கொடுத்த ஊர்தான். பாரதி 1908இலும், அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் 1910இலும் இங்கு வந்தனர். ஆனால் "நாங்கள் புகலிடம் கொடுத்தோம்" என்ற பெருமிதம் இங்கே "நாங்கள் தனி" என்ற உணர்ச்சிக்கும் உரமிட்டது. ஒரே மாதிரி நிகழ்ச்சி, ஓரிடத்தில் ஒன்றிப்பாகவும் மற்றோரிடத்தில் தனித்துவமாகவும் நினைவில் பதிகிறது. சரித்திரத்தைச் சூத்திரமாக்கி மனப்பாடம் செய்வோர் இதைக் கவனிக்க வேண்டும்.

நினைவு மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானித்ததா? இல்லை. வயிறும் தீர்மானித்தது, போர்க்களமும் தீர்மானித்தது. பிரெஞ்சிந்தியாவுக்கும் ஆங்கிலேய இந்தியாவுக்கும் 1941இல் ஏற்பட்ட சுங்க ஒன்றிப்பு 1949இல் முறிந்தது. எல்லையில் சுங்கச் சாவடியும் அனுமதிச் சீட்டும் முளைத்தன. அடுத்த கிராமத்துக் களத்துக்குப் போகும் உழவன் அயல்நாட்டுப் பயணியானான். கள்ளக் கடத்தல் கொழுத்தது. 1954 மே 7 அன்று தியன் பியன் பூ வீழ்ந்தது. வியத்நாம் உழவன் அங்கே அடித்த அடியின் அதிர்ச்சி இங்கே புதுச்சேரிக் கவர்னர் மாளிகையின் தூண்களையும் உலுக்கியது என்றால் மிகையாகாது. ஜூன் மாதம் ஏனாமும் ஜூலையில் மாஹேயும் பிரெஞ்சுப் பிடியிலிருந்து நழுவின. நேற்று வரை பிரெஞ்சுக் கொடிக்குக் காவல் நின்ற எதுவார் குபேர் அந்த ஆண்டு மார்ச்சிலேயே இணைப்பு அணிக்குத் தாவிவிட்டிருந்தார். 1963இல் முதன் மந்திரியும் ஆனார். கடற்கரைச் சாலைக்கு அவர் பெயர் இருக்கிறது. நினைவு என்பது சில வேளை காற்றடிக்கும் பக்கம் திரும்பும் பொருள்தான்.

1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்கள் 178 பேர்: பிரதிநிதி சபை உறுப்பினரும் நகராட்சிக் கவுன்சிலர்களும். 170 பேர் இணைப்புக்கு, 8 பேர் எதிர்ப்பு. முடிவு சரியானது, மக்கள் விரும்பியது. அதில் நமக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆனால் சந்திரநாகூரில் ஆயிரக்கணக்கான மக்கள் நேரே சென்று வாக்குப் போட்டிருக்க, இங்கே 178 பேர் கை காட்டியதோடு முடித்துக்கொண்டதை நாம் கொண்டாட வேண்டிய அவசியமில்லை. நேரே கேட்டிருந்தால் மக்கள் பெரும்பான்மையாக ஆம் என்றே சொல்லியிருப்பார்கள். அந்த ஆம் அவர்களுடையதாகவும் இருந்திருக்கும்.

இந்தக் குறையை 1956 ஒப்பந்தம் ஓரளவு ஈடு செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1954 நவம்பருக்கு முன்பிருந்த தனி நிர்வாக அந்தஸ்து தொடரும் என்றும், அதில் அரசியல் சட்ட மாறுதல் செய்வதானால் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே செய்ய வேண்டும் என்றும் அதன் இரண்டாவது ஷரத்து கூறுகிறது. மக்களின் பிரதிநிதிகள் வேறு முடிவு செய்யும் வரை பிரெஞ்சு மொழி ஆட்சி மொழியாக இருக்கும் என்று மற்றொரு ஷரத்து. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று வேறொன்று. சுமார் ஐயாயிரம் பேர் அவ்வாறே எழுதிக் கொடுத்தனர். வானம் இடிந்து விழவில்லை. மக்களின் நெஞ்சிலிருந்த அச்சங்களும் பற்றுகளும் ஷரத்துகளாகக் காகிதத்தில் ஏறின. அதனால்தான் இந்த இணைப்பு நின்றது.

இந்த ஷரத்தை டில்லி மறந்த நாளும் வந்தது. 1979 ஜனவரியில், புதுச்சேரியைத் தமிழ்நாட்டோடு சேர்த்துவிடலாம் என்ற எண்ணத்தைப் பிரதம மந்திரி மொரார்ஜி தேசாய் வெளியிட்டார். அப்போது இங்கே மக்கள் தேர்ந்தெடுத்த மந்திரி சபைகூட இல்லை, ஜனாதிபதி ஆட்சி. ஊர் கொதித்தெழுந்தது. கடைகள் மூடின, பஸ்கள் நின்றன, தடியடியும் துப்பாக்கிப் பிரயோகமும் நடந்தன. கடைசியில் யோசனை கைவிடப்பட்டது. தமிழன் தமிழனோடு சேர மாட்டேன் என்றானே என்று வருந்தியவர்கள் உண்டு. அவன் தமிழை வெறுத்தானா? பாவேந்தர் பாரதிதாசன் பிறந்த ஊர் தமிழை வெறுக்குமா? தன்னைக் கேளாமல் தன் வீட்டுச் சுவரை இடிக்க வந்ததைத்தான் அவன் எதிர்த்தான்.

நம்மை ஆண்ட பிரான்சு நாடே இதே காலத்தில் இதே பாடத்தைப் படித்துக்கொண்டிருந்தது என்பது சரித்திரத்தின் வேடிக்கை. ஜெர்மானியப் படை 1870, 1914, 1940 என மூன்று முறை அதன் மண்ணில் புகுந்திருந்தது. அந்த ஜெர்மனியோடு நிலக்கரியையும் எஃகையும் பொதுவில் வைப்போம் என்று 1950 மே 9 அன்று அறிவித்தவர் வெளிநாட்டு மந்திரி ராபர்ட் ஷூமன். அவரே எல்லைப் புறத்து மனிதர்; லொரேன் குடும்பத்தவர்; முதல் உலகப் போர் முடியும் வரை ஜெர்மன் பிரஜை. ஆறு நாடுகள் சேர்ந்தன. சுரங்கமும் உலையும் பொதுவாயின. ஆனால் அடுத்து, ஜெர்மானியனுக்கு மீண்டும் துப்பாக்கி கொடுத்து ஒரே ஐரோப்பியப் படை அமைப்போம் என்ற திட்டம் வந்ததும் பழைய காயம் வாய் திறந்தது. 1954 ஆகஸ்டு 30 அன்று பிரெஞ்சுப் பார்லிமெண்டு 319க்கு 264 என்ற வாக்குகளில் அதைத் தூக்கி எறிந்தது. அப்போது பிரதமர் மெந்தெஸ் பிரான்ஸ். ஏழு வாரங்களுக்குப் பின் புதுச்சேரியை ஒப்படைக்கும் உடன்பாட்டைச் செய்ததும் அவருடைய சர்க்கார்தான். அல்ஜீரியாவின் சுதந்திரப் போர் மூண்டு, அந்தக் கணக்கு 1962இல் தீரும் வரை, புதுச்சேரி ஒப்பந்தத்தைக் கையில் எடுக்கப் பாரிசுக்கு மனம் வரவில்லை.

நிலக்கரியில் இணங்கிய மனம் துப்பாக்கியில் இணங்கவில்லை. அதற்காக ஐரோப்பியர் நினைவைப் புதைத்துவிடவில்லை. நினைவைப் பற்றிப் பேசவே பிறகு ஏற்பாடு செய்துகொண்டனர். 1963இல் நட்புறவு ஒப்பந்தம், இளைஞர் பரிமாற்றம், 2006இல் இரு நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பொதுவான ஒரு சரித்திரப் பாடநூல் என்று அது வளர்ந்தது. முதலாளிகளின் சந்தைக்காகவே அந்த ஐரோப்பிய அமைப்பு பிறந்தது என்பதை நாம் மறக்கவில்லை. என்றாலும், போரிட்ட இரு நாடுகள் ஒரே புத்தகத்தில் அந்தப் போரைப் படிப்பது சிறு காரியமன்று.

நம் தெற்காசியாவில் என்ன செய்தோம்? 1985 டிசம்பர் 8 அன்று டாக்காவில் ஏழு நாடுகள் கூடி சார்க் அமைப்பைத் தோற்றுவித்தன. அதன் சாசனத்தின் பத்தாவது ஷரத்து, இரு நாடுகளுக்கிடையே உள்ள பிரச்சினைகளும் சர்ச்சைக்குரிய பிரச்சினைகளும் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட மாட்டா என்கிறது. எதைப் பேசித் தீர்க்க வேண்டுமோ அதைப் பேசுவதில்லை என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொண்ட கூட்டு! 1947இன் ரத்தமும் 1971இன் ரத்தமும் அறைக்கு வெளியே நிற்க, உள்ளே தேநீரும் தீர்மானமும் பரிமாறப்பட்டன. பலன்? 2014 நவம்பரில் காட்மண்டுவில் கூடியதுதான் கடைசி உச்சி மாநாடு. 2016இல் இஸ்லாமாபாத்தில் கூட வேண்டியது கூடவே இல்லை. இந்நாடுகள் தமக்குள் செய்துகொள்ளும் வாணிபம் அவற்றின் மொத்த வாணிபத்தில் நூற்றுக்கு ஐந்து என்ற அளவில்தான் கிடக்கிறது. ஒரே நெல், ஒரே பருத்தி, ஒரே பாட்டு, ஒரே பருவமழை! இருந்தும் ஐந்துதான்.

கடலுக்கு அப்பால் இலங்கையைப் பாருங்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30 அன்று சாஸ்திரியும் சிறிமாவோவும் ஓர் ஒப்பந்தம் செய்தனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம். 1974இல் அந்த மிச்சத்தையும் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். தேயிலைப் பெட்டியைப் பிரிப்பது போல மனிதரைப் பிரித்தனர்! புதுச்சேரியில் 1962இல் நீ எந்த நாட்டுப் பிரஜை என்று ஒவ்வொருவரையும் கேட்டார்கள். இரண்டே ஆண்டுகள் கழித்து, மலையகத் தொழிலாளியைக் கேட்பதற்கு முன்பே எண்ணிக்கையை முடிவு செய்துவிட்டார்கள். இரண்டிலும் ஒரு தரப்பாகக் கையெழுத்திட்டது இந்திய சர்க்கார்தான். ஐரோப்பியனோடு பேசும்போது இருந்த கண்ணியம் கூலிக்காரனின் விஷயத்தில் எங்கே போயிற்று? நீலகிரியிலும் கூடலூரிலும் தாயகம் திரும்பியோர் என்ற பெயரோடு வாழும் குடும்பங்களிடம் பிராந்திய ஒருமைப்பாடு பற்றிப் பேசப் போகிறவர்கள் இந்தக் கேள்விக்கு விடையோடு போக வேண்டும்.

நினைவு மாறவே மாறாது என்று நாம் சொல்லவில்லை. இந்திய விஸ்தரிப்புவாதம் என்பதை ஒரு பாடமாகவே வைத்துத் தன் ஊழியர்களுக்கு வகுப்பெடுத்த கட்சி இலங்கையின் மக்கள் விடுதலை முன்னணி. 1987இல் இந்தியாவோடு செய்த ஒப்பந்தத்தை எதிர்த்து ஆயுதமும் ஏந்தியது. அக்கட்சியின் தலைவர் அநுர குமார திசாநாயக்க 2024 செப்டம்பரில் ஜனாதிபதியானார். முதல் வெளிநாட்டுப் பயணமாக டிசம்பரில் வந்தது டில்லிக்கு. 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்து பழைய கப்பல் வழி குலைந்தது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியது. வரவேற்போம். ஆனால் அதே நீரில் மீனவரின் படகுகள் பறிமுதலாகின்றன. வடக்கு இலங்கைத் தமிழ் மீனவன் தமிழகத்து இழுவைப் படகின்மீது சினம் கொண்டிருக்கிறான். இருவருக்கும் மொழி ஒன்றுதான். போர்க் காலத்தில் கடலுக்கே போக முடியாதிருந்த ஆண்டுகள் யாழ்ப்பாணத்தானின் நினைவு. தலைமுறை தலைமுறையாய் வலை வீசிய கடல் என்பது இராமேசுவரத்தானின் நினைவு. இரண்டையும் ஒரே மேசையில் வைக்காமல் கப்பல் மட்டும் விட்டால், கப்பல் ஓடும். சிக்கல் அப்படியே கிடக்கும்.

மறுபடி நம் ஊருக்கு வருவோம். இன்று புதுச்சேரியின் சரித்திரம் விற்பனைக்கு வந்திருக்கிறது. மஞ்சள் சுவர், பிரெஞ்சுத் தெருப் பெயர், டூப்ளே சிலை ஆகியவற்றைப் படம் பிடிக்க வாரக் கடைசியில் கூட்டம் நெரிகிறது. கூட்டம் வருவதில் குறையில்லை. பலருக்குப் பிழைப்பு நடக்கிறது. ஆனால் விற்கப்படும் அந்த நினைவு மாளிகைக்காரனின் நினைவு. அதில் சவானா ஆலை இல்லை, ரோடியர் ஆலை இல்லை. ஆயிரமாயிரம் பேருக்குச் சோறு போட்ட பஞ்சாலைகள் இன்று ஓடவில்லை. ரோடியர் ஆலை 1898 முதல் நின்ற ஆலை. 2020 ஏப்ரலோடு அதன் கதவை மூடினார்கள். பன்னிருவரின் நினைவு ஜூலை 30 அன்று செங்கொடியின்கீழ் ஒரு காலைப் பொழுதோடு நின்றுவிடுகிறது. அந்த நாளைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொண்டு போக வேண்டிய பொறுப்பு நம்முடையது. சர்க்கார் செய்யட்டும் என்று காத்திருப்பதில் பொருளில்லை.

புதுச்சேரிக்கு மாநில அந்தஸ்து வேண்டுமென்று சட்டமன்றம் மீண்டும் மீண்டும் தீர்மானம் போட்டிருக்கிறது, டில்லி அசையவில்லை. 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், தேர்ந்தெடுத்த மந்திரி ஒரு பக்கமும் நியமித்த கவர்னர் ஒரு பக்கமும் இழுக்கும் ஆட்சி நடந்துகொண்டிருக்கிறது. மாநிலமாவதா, இப்படியே இருப்பதா, மாஹேயும் ஏனாமும் என்ன நினைக்கின்றன என்பதையெல்லாம் யாரிடம் கேட்பது? 1956 ஒப்பந்தத்தின் இரண்டாவது ஷரத்தே அதற்கு வழி காட்டுகிறது. கீழூரில் 178 பேரைக் கேட்டார்கள். அடுத்த முறை நெட்டப்பாக்கத்து உழவனையும், திருப்பட்டினத்து மீனவனையும், மாஹேயின் பீடித் தொழிலாளியையும், ஏனாமின் நெசவாளியையும் நேரே கேட்க வேண்டும்.